அடுப்படியில் வெறுங்கால்

செவ்வாய்க்கிழமை, பாடாங் செராய், மலேசியா

தங்கை கமலாவின் சாப்பாட்டுக் கடையில் சமைக்கும் செல்வி இன்று காலை எண்ணெய் சிந்திய தரையில் வழுக்கி விழுந்துவிட்டாள். மணிக்கட்டு முறிந்துவிட்டது. கையிலிருந்த சாம்பார் மறுபக்கம் கொட்டியதால் உடம்பு வேகாமல் தப்பித்தாள்.

அடுப்புக்கு மேலே லட்சுமி படம் மாட்டியிருப்பதால் அந்தச் சமையலறைக்குள் எல்லாரும் வெறுங்கால்தான். வழுக்காத சப்பாத்து நானே வாங்கித் தருகிறேன் என்று கமலாவிடம் சொன்னேன்.

“சாமி முன்னால சப்பாத்தாண்ணே? வாத்தியார் பேசுற பேச்சா இது?”

எடுத்துக்காட்டு இல்லாமல் எனக்குப் பேச வராது. ரப்பர் தோட்டத்தில் அப்பா முனியாண்டியைக் கும்பிட்டுவிட்டுத்தான் பால் எடுக்க மரம் சீவப் போவார். பாம்புக்குப் பயந்து காலில் பூட்ஸும் இருக்கும். முனியாண்டி கோபித்தாரா என்று கேட்டேன்.

“அவரு காட்டுல நிக்கிற சாமி. இவ வீட்டுக்குள்ள வந்தவ லா.”

எனக்கே சிரிப்பு வந்துவிட்டது.

மாலையில் செல்வியைப் பார்க்கப் போனேன். படத்தைக் கல்லாப் பக்கம் மாற்றச் சொல்லட்டுமா என்றதும் பதறிவிட்டாள்.

“ஐயோ வேணாம் சார். நான் விழுந்துதான் சாமி வெளிய போச்சுன்னு ஊரே பேசும்.”

நாளை அவளுக்குப் பதிலாக அவள் மகள் வருகிறாளாம். இனி வாதாட எனக்குத் தெம்பில்லை. அடுப்பு மூட்டுவதற்கு முன் நானே போய் அந்தத் தரையைச் சோப்புத்தூள் போட்டுத் தேய்த்துவிட வேண்டும். அந்தச் சோப்புத் தண்ணீரில் நானும் வெறுங்காலோடுதான் நிற்க வேண்டும்.