கைடில் ஏறிய பச்சைப் பெயிண்ட்

அன்பு மகள் ரீனாவுக்கு,

அப்பா எழுதுவது. மாதாவின் தயவில் நானும் உன் அம்மாவும் உடம்புக்குக் குறைவில்லாமல் இருக்கிறோம், நீயும் அந்தக் குளிரில் நல்லபடியாக இருப்பாய் என்று நம்பி இதைத் தொடங்குகிறேன். தினமும் போனில் பேசுகிறோமே, இப்போது எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். உன் முகத்தைப் பார்த்துக்கொண்டு சொல்ல முடியாத ஒன்று இருக்கிறது. அதனால்தான் டப்ளினுக்குத் திரும்பும் உன் சிநேகிதி ஏஞ்சலின் கையில், மக்ரூன் டப்பாவோடு இதையும் கொடுத்துவிடுகிறேன். அம்மாவுக்கு முழங்கால் வலி பரவாயில்லை, டாக்டர் நடக்கச் சொன்னார், அவள் கோயில்வரை நடந்துவிட்டு ஆட்டோவில் திரும்புகிறாள்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். நீ இங்கே நர்ஸாக இருந்தபோது வார்டில் சேர்த்துக் குடியை நிறுத்த வைத்தாயே நம் பட்டறை ஜெயகணேஷ், அவன் மறுபடி குடித்துவிட்டு மெஷினில் நின்று விலாவில் அடிபட்டுக்கொண்டான் என்று போன மாதம் உன்னிடம் சொன்னேன். அது பொய். அவன் குடிக்கவில்லை. தப்பு முழுக்க என்னுடையது.

வருஷா வருஷம் சூசையப்பர் திருநாளுக்கு நம் பழைய ரம்ப மெஷினுக்குப் பச்சைப் பெயிண்ட் அடித்து, சாமியாரை அழைத்து மந்திரிப்போம், உனக்குத் தெரியும். இந்த வருஷம் பார்வைக்குப் புதுசாக இருக்கட்டும் என்று, பலகையை ஒட்டித் தள்ளுகிற இரும்புக் கைடையும் கழற்றி, அது உட்காரும் இடத்திலும் பெயிண்டை அப்பினேன். சாமியார் நாலு மணிக்கு வருவதாகச் சொன்னதால் காயவிடாமல் மாட்டி முறுக்கிவிட்டேன், நேர் பார்க்கவில்லை. மறுநாளிலிருந்து அறுத்த பலகையெல்லாம் ஓரம் கருகி வந்தது. ஜெயகணேஷ் இரண்டு தடவை வந்து, பின்னால நெருக்குது அண்ணாச்சி, கைடை ஒருக்கா பாருங்க என்றான். மந்திரித்த மெஷினைக் குறை சொல்லாதே, நீ தள்ளுகிற லட்சணம் அப்படி என்று விரட்டினேன். மூன்றாம் நாள் பலகை பின்பக்கம் சிக்கி, எகிறி வந்து அவன் விலாவில் அடித்தது. சத்தம் கேட்டுத் தெருவே கூடிவிட்டது. அத்தனை பேர் முன்னாலும், காலையிலேயே ஊத்திட்டு வந்துட்டியால என்று கேட்டேன். பழி என் மேல் வந்துவிடக் கூடாது, அப்போது மனதில் ஓடியது அவ்வளவுதான். அவன் விலாவைப் பிடித்துக்கொண்டு போய்விட்டான்.

அவன் போன பிறகும் பலகை கருகியது, தள்ளியது நான். பிளேடை மாற்றினேன், பெல்ட்டை இறுக்கினேன், பேரிங்கும் புதிதாகப் போட்டேன், ஒன்றும் கேட்கவில்லை. கடைசியில் கரண்டை நிறுத்திவிட்டு, பிளேடின் ஒரு பல்லில் சாக்பீஸால் குறி போட்டு, முன்பக்கம் வைத்துக் கைடுவரை அளந்தேன். அதே பல்லைப் பின்பக்கம் சுற்றிக் கொண்டுவந்து அளந்தால் இடைவெளி அரை நூல் குறைச்சல், பலகையை நெருக்கியது அதுதான். கைடைக் கழற்றினேன், அடியில் ஒரு பக்கம் மட்டும் பெயிண்ட் கட்டி தட்டிக் கிடந்தது. சுரண்டி எடுத்து நேர் பார்த்து மாட்டியதும் பலகை ஒழுங்காக அறுபட்டது. அரை மணி நேர வேலை ரீனா. அந்த மரத்தூளிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

அதன் பிறகாவது வாயைத் திறந்திருக்க வேண்டும். ஆள் அனுப்பி வேலைக்கு மட்டும் கூப்பிட்டேன். வந்து மெஷினை ஓட்டிப் பார்த்தவன், நல்லா ஓடுதே, என்ன செஞ்சீங்க என்று கேட்டான். பிளேடு மாற்றினேன் என்றேன். சுரண்டிய இடத்தை விரலால் தடவிப் பார்த்துவிட்டு வேலையைத் தொடங்கினான். மூன்று வாரம் அப்படியே ஓடியது. முந்தாநாள் சாயங்காலம் அவன் வீட்டுப் பக்கம் வண்டியில் போனேன். அவன் வாசலிலேயே நின்றான். அவன் மனைவி சுடலைச்செல்வி வெளியே வந்தாள். அவள் முகத்துக்கு நேரே வாயைத் திறந்து ஊதிக் காட்டினான். அவள் தலையாட்டிய பிறகுதான் செருப்பைக் கழற்றினான். நாலு வருஷமாக ஒரு சொட்டு தொடாதவன்.

நேற்று காலை மெஷினை நிறுத்தி எல்லாரையும் கூப்பிட்டு உண்மையைச் சொல்லி அவனிடம் மன்னிப்புக் கேட்டேன். ஜெயகணேஷ் டீ குடிக்கப் போய்விட்டான். அவன் வீட்டுக்கும் போனேன். சுடலைச்செல்வி திட்டுவாள் என்று நினைத்தேன். அவளோ, நான் நம்பாததுகூட அவியளுக்குப் பெரிசில்ல அண்ணாச்சி, ரீனா சிஸ்டரே போன் போட்டு ஏசிட்டாங்களேன்னுதான் ரெண்டு நாளு சோறு திங்கல என்றாள். நீ அவனுக்குப் போன் போட்டது அப்போதுதான் எனக்குத் தெரியும். அவனைக் கைதூக்கிவிட்ட உன்னையே வைத்து அவனைக் குடிகாரன் என்று சொல்ல வைத்துவிட்டேன். வெட்கமாக இருக்கிறது மகளே.

காதை மூடாமல் வெளியே போகாதே, நேரத்துக்குச் சாப்பிடு. மாதா உன்னை எந்தக் குறையும் அண்டாமல் வைத்திருக்கட்டும். ஒன்று மட்டும் மறந்துவிடாதே. இதைப் படித்ததும் எனக்குப் போன் போடாதே, என்னை அப்புறம் திட்டிக்கொள்ளலாம். முதலில் அவனுக்குப் போடு. எடுக்கமாட்டான், எடுக்கும்வரை போடு.

உன்னிடம் பொய் சொன்ன அப்பா,
பவுல்
தூத்துக்குடி