ஆடிப் பதினெட்டுக்கு முந்தைய ஆர்டர்கள்

நண்பா,

சிவகாசியிலிருந்து புதுக் காலண்டர் ஆல்பம், வியாபாரிகளுக்குக் காட்டும் மாதிரித் தொகுப்பு, வந்திருக்கிறது. பிரித்ததும் மை வாசனை குப்பென்று முகத்தில் அடித்தது. அச்சகமே கதியென்று கிடந்த நாட்களில் உன் சட்டையில் இருந்த அதே வாசனை.

கம்பெனிகளில் கம்ப்யூட்டர் எப்படிப் புழங்குகிறது என்பதுதான் நம் இருவருக்கும் ஆராய்ச்சி. நீ காலண்டர் அச்சகம் ஒன்றைப் பிடித்துக்கொண்டாய். சென்னையிலிருந்து அங்கே புது மென்பொருள் வந்து இறங்கியிருந்தது. ஆர்டர்களை ஏற்றினால் எந்த வாரம் எவ்வளவு காகிதம் வேண்டும் என்று அதுவே சொல்லுமாம். ஆனியிலிருந்தே வியாபாரிகள் போனில் ஆர்டர் சொல்லிக்கொண்டிருந்தார்கள். திரை மட்டும் காலியாகவே கிடந்தது. ஆடிப் பதினெட்டில் ஆல்பத்துக்குப் பூசை போட்ட கையோடு, அத்தனையையும் அன்றைய தேதியிலேயே ஏற்றினார்கள். எல்லா ஆர்டரும் ஒரே நாளில் வந்ததாக நம்பிய கம்ப்யூட்டர், ஊரிலேயே இல்லாத அளவுக்குக் காகிதம் கேட்டது. நீ விழுந்து விழுந்து சிரித்தாய்.

என்னையும் கூட்டிப்போய், முன்னாலேயே ஏன் ஏற்றவில்லை என்று முதலாளியிடம் கேட்டாய்.

"பூசை போடாம எப்படித் தம்பி எழுதுறது? அதுவரைக்கும் அது பேச்சுதான். சாமி கும்பிட்ட பொறவுதான் ஆர்டரு" என்றார் அவர், டீயை நம் பக்கம் நகர்த்தியபடி.

அதுதான் உன் ஆய்வேட்டின் நான்காம் அத்தியாயம் ஆனது. ஆர்டர் எப்போது ஆர்டராகிறது என்று இந்த ஊரைக் கேட்காமல் மென்பொருள் எழுதியதே தவறு என்று எழுதினாய். நம் நெறியாளர் படித்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். "ஊழியர்களுக்குப் பயிற்சி போதாதுன்னு ஒரு வரி எழுதுங்க. சடங்கெல்லாம் நம்ம துறையில வராது. இந்த அத்தியாயம் இருந்தா நான் கையெழுத்துப் போட மாட்டேன்."

வெளியே வந்ததும் நீ கொதித்தாய். "ஏலே, மார்ச் கடைசில கணக்க மூடுனா அது முறையாம். ஆடிப் பதினெட்டுல திறந்தா மட்டும் சடங்காலே?"

நீ அதை எடுக்கவில்லை. அவர் கையெழுத்துப் போடவில்லை. அந்த ஐப்பசியில் மஞ்சள் காமாலை உன்னைக் கொண்டுபோயிற்று. பட்டமில்லாமலே போனாய் என்ற கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை. ஆறவும் வேண்டாம்.

இப்போது என் ஆய்வேடு முடிந்திருக்கிறது. சாத்தூர் தீப்பெட்டிக் கம்பெனிகளிலும் நீ கண்டதையே நானும் கண்டேன். நீ கண்டுபிடித்ததை உன் பெயரைச் சொல்லியே நான்காம் அத்தியாயத்தில் எழுதியிருந்தேன். நெறியாளர் அவரேதான். போன வாரம் கூப்பிட்டு, "உங்க நண்பர் மாதிரி பிடிவாதம் பிடிக்காதீங்க, அதை எடுத்துடுங்க" என்றார்.

நாளைக் காலை அவர் மேசையில் ஆய்வேட்டை வைக்கப்போகிறேன். கையெழுத்துப் போட்டாலும் சரி, போடாவிட்டாலும் சரி. நான்காம் அத்தியாயத்தை அவர் சொன்னபடி அந்த இடத்திலிருந்து எடுத்துவிட்டேன். இப்போது அதுதான் முதல் அத்தியாயம். உன் பெயர் அதன் முதல் வரியில் இருக்கிறது.