நாற்பதாம் நாளுக்குள் ஒரு கொடி

ஏப்ரல் 20

போதும். இத்தனை நாள் வாயை மூடிக்கொண்டிருந்தது போதும்.

இங்கே பிலிப்பைன்ஸில் தங்கிவிட்ட அமெரிக்க முன்னாள் படைவீரர்களின் சங்கத்துக்குச் செயலாளர் என்பதால் எட்டு வருடமாகக் கூட்டக் குறிப்புகளை நான்தான் எழுதுகிறேன். நடந்தது அவற்றில் இருக்காது. என்ன நடந்தது என்று தலைவர் சொல்கிறாரோ அது இருக்கும். இந்த நோட்டு என்னுடையது. இதில் உள்ளபடி எழுதுகிறேன்.

டெல்பர்ட்டைப் புதைத்து எட்டு நாள் ஆகிறது. அவன் சவப்பெட்டி மேல் போர்த்திய கொடி இன்னும் அவனோடு பத்தொன்பது வருடம் வாழ்ந்த நார்சிசாவின் கைக்குப் போய்ச் சேரவில்லை.

ஒலோங்காப்போவில் மேட்டுக் கல்லறை. காலை பத்து மணிக்கே வெயில் மண்டையைப் பிளந்தது. பதினான்கு பேர் வந்திருந்தோம். சங்கத் தொப்பி, வெள்ளைக் கையுறை. எக்காளத்துக்கு ஆள் இல்லை. ஆர்லோவின் போனில் ஒலிக்கவிட்டோம். கொடியை மடித்தது நானும் ஆர்லோவும். பதின்மூன்று மடிப்பு. முடிந்ததும் முக்கோணத்தில் நீலமும் நட்சத்திரங்களும் மட்டும் தெரிய வேண்டும். ஆர்லோவுக்கு எழுபத்தெட்டு வயது, கை நடுங்கும். கடைசியில் ஓரத்தில் விரல் அகலத்துக்குச் சிவப்பு எட்டிப் பார்த்தது.

அப்படியே கொடுத்திருக்கலாம். நார்சிசா கையை நீட்டியிருந்தாள். இரண்டு கையையும்.

நான் என்ன செய்தேன்? "சிவப்பு தெரியுது" என்றேன். எல்லோருக்கும் கேட்கும்படி. இருபத்துநாலு வருடம் கடற்படையில் மருத்துவ உதவியாளனாக இருந்தவன், அதனால் எல்லோருக்கும் 'டாக்'. கட்டு ஒரு சுற்றுக் கோணலாக இருந்தாலும் பிரித்துக் கட்டச் சொல்கிறவன். அந்தப் புத்தி.

தலைவர் வெண்டலுக்கு அதுவே போதுமானதாக இருந்தது. கொடியை வாங்கி அக்குளில் இடுக்கிக்கொண்டு, "சங்கத்துல வெச்சு ஒழுங்கா மடிச்சு அனுப்பி வைக்கிறோம்மா" என்றான்.

நீட்டிய கைகள் கொஞ்ச நேரம் அப்படியே இருந்தன.

ஏப்ரல் 22

கொடி சங்கத்து பாரில், கண்ணாடி அலமாரியில் உட்கார்ந்திருக்கிறது. கீழே பித்தளைத் தகட்டில் டெல்பர்ட்டின் பெயர். மடிப்பு கச்சிதம். மடித்துக் கொடுத்தவன் நான்தான், அவளுக்கு அனுப்பத்தான் என்று நம்பி.

ஏப்ரல் 25

வெண்டலிடம் கேட்டேன். பாரில், நாலு பேர் முன்னால்.

"கொடி எப்ப போகுது?"

"எங்க போகுது?"

"நார்சிசாகிட்ட."

"டாக், சங்க விதிய எழுதினவனே நீதானய்யா. 'சட்டப்படி அடுத்த உறவுக்கு.' அவ யாரு? பத்தொம்பது வருசம் சமைச்சுப் போட்டா. சமையக்காரிக்கெல்லாம் கொடி குடுக்க ஆரம்பிச்சா அமெரிக்காவுல துணி பத்தாது."

சிரித்தார்கள். சிரித்தவர்களில் பாதிப் பேருக்கு இன்று சாயங்காலம் கதவைத் திறந்துவிடப் போவது அப்படி ஒரு 'சமையல்காரி'தான்.

"இன்னிக்கு இவளுக்குக் குடுத்தா, நாளைக்கு இந்தத் தெருவுல பாதிப் பொம்பளைங்க வாசல்ல வந்து நிப்பாங்க" என்றான் வெண்டல்.

நிற்கட்டுமே! நின்றால் என்ன? சொல்லவில்லை. வீட்டுக்கு வந்து இங்கே சொல்கிறேன்.

டெல்பர்ட் அமெரிக்காவில், டோலிடோவில், விட்டுவந்த மனைவியை விவாகரத்து செய்யவே இல்லை. வெறுப்பெல்லாம் இல்லை, சோம்பல். அடுத்த வருசம் பார்க்கலாம் என்று முப்பத்தொரு வருடம் தள்ளிப்போட்டான். அந்த அம்மாளுக்குச் சங்கத்திலிருந்து எழுதியாகிவிட்டதாம். பதில் வரட்டுமாம்.

விதியை எழுதியது நான் என்பது உண்மை. எழுதும்போது அழகான வாக்கியமாகத் தெரிந்தது.

ஏப்ரல் 30

சக்கர நாற்காலி கொடுக்கும் நாள். பதினோரு நாற்காலி, ஒரு பேனர். பேனர்தான் பெரிது.

அந்தப் பதினொன்றும் டெல்பர்ட் வீட்டு முற்றத்திலிருந்து வந்தவை. அமெரிக்காவிலிருந்து கப்பலில் வரும் உடைந்த நாற்காலிகளுக்குச் சைக்கிள் சக்கரம் போட்டு நிமிர்த்துவது அவன் வேலை. தார்ப்பாயில் இருக்கை தைப்பது நார்சிசாவின் வேலை. அவன் போன பிறகு மிச்சம் இருந்த ஏழு நாற்காலிகளையும் சக்கரம் உட்பட அவளே முடித்தாள். துக்க வீட்டில், ஒன்பது நாள் ஜெபத்துக்கு நடுவில்.

வெண்டல் மைக்கில், "எங்கள் சகோதரன் டெல்பர்ட்டின் பொற்கரங்கள்" என்றான். அவள் பெயர் வரவில்லை. அவள் பின்வரிசையில் முட்டி போட்டு, ஒரு மீனவக் கிழவரின் கால்மிதியை ஸ்பேனரால் முடுக்கிக்கொண்டிருந்தாள்.

என்னைப் பார்த்ததும் எழுந்தாள். "டாக் சார், நாப்பதாம் நாள் மே பதினாறு. அன்னிக்குத்தான் அவரு ஆத்மா நிஜமா வீட்ட விட்டுக் கெளம்பும். அதுக்கு முன்னாடி படத்துக்குப் பக்கத்துல அது இருக்கணும். அதுக்குள்ள மடிச்சு முடிச்சிருவீங்களா?"

மடிச்சு முடிச்சிருவீங்களா! மடிக்க மூன்று நிமிடம் ஆகும்.

"பாத்துக்கலாம்" என்றேன். கோழை.

மே 3

ஆர்லோ இன்றும் எனக்கு முகம் கொடுக்கவில்லை. கல்லறையில் நான் கத்தியது அவன் கையைப் பற்றி என்று எடுத்துக்கொண்டிருக்கிறான். தப்பாகவும் எடுத்துக்கொள்ளவில்லை.

மே 6

டோலிடோவிலிருந்து பதில். சங்கத்து மின்னஞ்சலைத் திறப்பவன் நான்தான் என்பதால் முதலில் படித்தவனும் நான்.

'டெல்பர்ட் இறந்ததற்கு வருந்துகிறேன். முப்பத்தொரு வருடமாக நான் அவரைப் பார்க்கவில்லை. கொடி எனக்கு வேண்டாம். கடைசிவரை அவர் சட்டையைத் துவைத்தது யாரோ, அவரிடம் கொடுங்கள்.'

அச்செடுத்துக்கொண்டு வெண்டலிடம் ஓடினேன். ஐம்பத்துநாலு வயதில் படியில் ஓடினேன்! படித்தான். மடித்தான். "கோப்புல வை" என்றான்.

"கோப்புலயா? அவங்களே சொல்லிட்டாங்களே."

"சங்கத்துக்கு வேணாம்னு சொல்லலியே? டெல்பர்ட் நம்ம ஆளு. கொடி நம்ம செவுத்துல இருக்கும். சங்கத்து வெள்ளி விழாவுக்குத் தூதரகத்துலேர்ந்து ஆளு வர்றாங்க, அலமாரி காலியாவா இருக்கும்? இதப் பத்தி வெளிய பேச்சு வேணாம்."

கோப்பில் வைத்தேன். ஆமாம். துளை போட்டு, தேதி எழுதி வைத்தேன்.

மே 7

என்னோடு வாழும் பெர்லிட்டாவிடம் சொன்னேன். மீனைக் கழுவிக்கொண்டே கேட்டாள். கடைசி மீனையும் சட்டியில் போட்டாள். பிறகு, "நீ செத்தா எனக்கும் அந்த அலமாரிதானா?" என்றாள்.

"என்ன பேச்சு இது?"

"கேள்விதான். அந்தப் பழுப்புக் கவர் இன்னும் டிராயர்லதான இருக்கு? நான் தொடைக்கும்போதெல்லாம் அதத் தூக்கி வெச்சுத் தொடைக்கிறேன். நாலு வருசமா."

பழுப்பு உறையில் என் மனைவி டெனிஸ் அனுப்பிய விவாகரத்துப் பத்திரம். மூன்று இடத்தில் என் கையெழுத்து வேண்டும். நார்ஃபோக் வீடு அவளுக்கு. என் அப்பாவின் படகும் அவளுக்கு. நான் கடலில் இருந்த வருடங்களையெல்லாம் வக்கீல் கடிதத்தில் 'கைவிட்ட காலம்' என்று எழுதியவள். கையெழுத்துப் போட்டால் அவள் ஜெயித்துவிடுவாள் என்று போடாமல் வைத்திருக்கிறேன். அவளும் வழக்குப் போடாமல் வீம்பு பிடிக்கிறாள். இரண்டு பேரும் கயிற்றை விடவில்லை. நடுவில் நிற்பது யார்?

டெல்பர்ட்டாவது சோம்பேறி. நான் வேண்டுமென்றே செய்கிறேன்.

மே 9

எழுதக் கை வரவில்லை. ஆனாலும் எழுதுகிறேன்.

எங்கள் பார் வாசலருகே ஒரு சின்ன மேசை உண்டு. போருக்குப் போய்த் திரும்பி வராதவனுக்கான மேசை. வெள்ளை விரிப்பு, கவிழ்த்த கண்ணாடிக் கோப்பை, எலுமிச்சைத் துண்டு, கொஞ்சம் உப்பு, காலி நாற்காலி. அதில் யாரும் உட்காரக் கூடாது. குடித்துவிட்டுத் தரையில் விழுகிறவன்கூட அந்த நாற்காலியைப் பிடித்து எழ மாட்டான்.

நார்சிசா நான்கு இருக்கைகளைத் தைத்து, தலையில் சுமந்துகொண்டு வந்தாள். ஜீப்னி வண்டி கிடைக்கவில்லை, பாலத்திலிருந்து நடை. மூட்டையை இறக்கினாள். மூச்சு வாங்கியது. பக்கத்தில் இருந்த நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"ஏய்! எந்திரி!" வெண்டல் போட்ட சத்தத்தில் பில்லியர்ட்ஸ் ஆடினவர்கள் நிமிர்ந்தார்கள். "அது யாரு நாற்காலி தெரியுமா? அறிவில்ல?"

அவள் பதறி எழுந்தாள். சட்டை நுனியால் அந்த இருக்கையைத் துடைத்தாள். துடைத்தாள்! "மன்னிச்சிருங்க சார், தெரியாது. யாரோடது?"

"வராதவனோடது."

அவள் மேசையைப் பார்த்தாள். கவிழ்ந்த கோப்பையைப் பார்த்தாள். "எங்க வீட்டுலயும் ஒண்ணு இருக்கு சார்" என்றாள். "அதுலயும் யாரும் உக்கார்றதில்ல."

மூட்டையை வைத்துவிட்டுப் போய்விட்டாள். அலமாரிப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

எவனும் வாயைத் திறக்கவில்லை. நானும்தான். ஆனால் ஆர்லோ குடித்துக்கொண்டிருந்த பீரைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து போனான். அவன் பாதியில் வைத்து நான் பார்த்ததே இல்லை.

மே 10

அலமாரியின் இரண்டாவது சாவி என்னிடம் இருக்கிறது. நேரே நார்சிசா வீட்டுக்குப் போய், "இன்னிக்கே எடுத்துட்டு வந்து தர்றேன்" என்றேன்.

தையல் மெஷினை நிறுத்தாமலே தலையாட்டினாள். "வேணாம் டாக் சார். திருட்டுக் கொடிய வெச்சுக்கிட்டு அவரு படத்துக்கு முன்னால நிக்க முடியாது. குடுத்தாங்கன்னு இருக்கணும். எல்லாரும் பாக்க, கையில வெச்சு, ஏதோ சொல்லுவீங்களே... நன்றியுள்ள தேசத்தின் சார்பாகன்னு... அதச் சொல்லிக் குடுக்கணும். அவரு அடிக்கடி சொல்லிக் காட்டுவாரு. 'நார்சி, அத நீ கேக்கும்போது அழக் கூடாது'ம்பாரு."

"அவங்க குடுக்கலன்னா?"

"குடுக்கலன்னா குடுக்கல. திருடி வேணாம்."

எனக்கு வாழ்க்கையில் யார்மேலும் இவ்வளவு மரியாதை வந்ததில்லை. என் அட்மிரல்கள் உட்பட.

மே 12

சங்கத்துக்கு ஒரு கடிதம் எழுத ஆரம்பித்தேன். மூன்று பக்கம். அறிவிப்புப் பலகையில் ஒட்டுவதற்கு.

மே 13

படித்துப் பார்த்தேன். மூன்றில் இரண்டு பக்கம் என்னைப் பற்றி. தலைவர் தேர்தலில் நான் இரண்டு முறை தோற்றது, வெண்டல் எனக்கு எதிராகப் பரப்பிய வதந்தி, மருத்துவ முகாமில் என் பெயரை விட்டது. நார்சிசா எங்கே என்று தேட வேண்டியிருந்தது. கிழித்துப் போட்டேன்.

சாயங்காலம் ஆர்லோ வீட்டுக்குப் போனேன். ஒரு மாதத்துக்குப் பிறகு பேச்சு. அவனோடு பன்னிரண்டு வருடமாக இருக்கும் லூஸ்தான் கதவைத் திறந்தாள். துணி காயப்போடும் கயிற்றில் ஒரு ஜோடி வெள்ளைக் கையுறை காய்ந்துகொண்டிருந்தது.

"அன்னிக்கு நான் கத்தினது தப்பு" என்றேன்.

"ஆமா, தப்புதான். உக்காரு."

டோலிடோ கடிதத்தைக் காட்டினேன். இரண்டு முறை படித்தான். மூக்கைச் சிந்தினான்.

"லூஸ் நேத்து கேட்டா, 'உன் கொடிய எங்க வெப்பாங்க'ன்னு. என்னத்தச் சொல்றது? பாருக்கு வந்து பாத்துக்கோன்னா?"

"வெண்டல் அலமாரியத் தெறக்க மாட்டான், ஆர்லோ."

"பத்துப் பேரு கையுறையோட முன்னால நின்னா தெறப்பான். அவனுக்கு ஓட்டு வேணும்டா. நீ ஆள நிக்க வை. மடிக்க நான் வர்றேன். படத்து மேல விரிச்சு, மறுபடியும் மொதல்லேர்ந்து. இந்தத் தடவ சிவப்பு தெரிஞ்சா வாய மூடிட்டு இரு."

மே 15, ஞாயிறு

விடிந்துவிட்டது. ஏழு மணிக்குச் சங்கத்தில் ஞாயிற்றுக்கிழமைச் சிற்றுண்டி. எல்லோரும் வருவார்கள். அறிவிப்புப் பலகை, தட்டு எடுக்கிற இடத்துக்கு நேர் எதிரே. நான் ஆறரைக்குப் போகிறேன்.

கடிதம் இவ்வளவுதான்:

'டோலிடோவிலிருந்து மே ஆறாம் தேதி வந்த பதில் கீழே இருக்கிறது. படியுங்கள். டெல்பர்ட்டின் கொடி நாளை காலை எட்டு மணிக்கு, அவன் வீட்டில், எல்லோர் முன்னிலையிலும் நார்சிசாவின் கையில் கொடுக்கப்பட வேண்டும். இன்று காலை உங்களுக்குக் காபி போட்டுக் கொடுத்தது யார் என்று ஒரு நிமிடம் நினைத்துவிட்டு, வருவதா வேண்டாமா என்று முடிவு செய்யுங்கள். கையுறையோடு வாருங்கள்.'

பெர்லிட்டா தோளுக்கு மேலாக எட்டிப் படித்தாள். "பேரு போடலயா? பயமா?"

"என் பேரு இருந்தா கடுதாசிய எவனும் படிக்க மாட்டான். ரெண்டு தடவ தோத்தவன் பொலம்புறான்னு எனக்குத்தான் பதில் சொல்லுவானுங்க. பேரு இல்லன்னா ஒருத்தன் மூஞ்சிய ஒருத்தன் பாக்கணும். நீ எழுதினியா, நீ எழுதினியான்னு. எழுதியிருக்கலாமேன்னு ஒருத்தனுக்காவது தோணும்ல?"

"வெண்டல் உன்னைக் கேட்டா?"

"நான்தான்னு சொல்லுவேன். நேருக்கு நேரா கேக்கட்டும்."

அவள் காபியை மேசையில் வைத்தாள். நான் பேனாவை மூடவில்லை. டிராயரிலிருந்து பழுப்பு உறையைக் கொண்டுவரச் சொன்னேன். ஒன்றும் கேட்காமல் கொண்டுவந்தாள். மேலே தூசி இல்லை.

ஜெயிக்கட்டும், டெனிஸ். படகையும் வைத்துக்கொள்.

மூன்று இடத்திலும் முழுப் பெயரை எழுதி, தேதி போட்டு, உறையை ஒட்டிப் பெர்லிட்டாவிடம் கொடுத்தேன். சங்கத்துக் கடிதத்தின் அடியில் ஒன்றும் எழுதவில்லை. அதை அப்படியே, பெயரில்லாமல் பலகையில் குத்தப் போகிறேன். நான்கு குண்டூசி சட்டைப் பையில் இருக்கிறது. கையுறை துவைத்தாகிவிட்டது.