இரைச்சல் நின்ற பெட்டி

அன்புத் தங்கைக்கு,

அண்ணன் எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம். அண்ணி உன்னை விசாரித்தாள். எனக்கு இடது கையில் இரண்டு விரல் மரத்துக் கிடக்கிறது. எழுதுவது வலது கைதானே, விடு.

இந்தக் கடிதத்தைப் படித்து முடிக்கும்வரை நான் செய்து கொடுத்த சிந்தசைசர் பெட்டியைக் கரண்டில் சொருகாதே.

ஃபில்டர் சண்டைக்காக எழுதவில்லை. ஆனாலும் சொல்கிறேன், சத்தத்தைச் சீவிச் சுரமாக்கும் அந்த ஃபில்டரில் தப்பில்லை. கம்பெனி ஃபில்டரில் ரெசனன்ஸ் குமிழைத் திருப்பத் திருப்ப மேலே விசில் அடிக்கும், அடியில் இருக்கும் கனம் கரைந்துபோகும். நான் நானூறு டிரான்சிஸ்டரைச் சோதித்து, ஒத்துப்போகிற எட்டைப் பொறுக்கி, ஏணிபோல ஜோடி ஜோடியாக அடுக்கினேன். கரைகிற கனத்தைத் திரும்ப உள்ளே ஊட்ட ஒரு வழியும் வைத்தேன். நீ கீழ்ச் சுரத்தைப் பிடித்தால் ஜனங்களுக்கு நெஞ்சு அதிர்வது அதனால்தான். பத்திரிகைக்காரர் அதை உன் விரல் என்று எழுதினார். நீயும் மறுக்கவில்லை. போகட்டும்.

கனத்தை ஊட்டினால் கரண்டின் இரைச்சலும் சேர்ந்து கொழுக்கும். போன வருஷம் நீ, "அண்ணா, பெட்டி ரொம்ப இரையுது, கம்பெனி ஃபில்டரே போட்டுடலாமா?" என்றாய். எனக்குச் சுருக்கென்றது. பள்ளிக்கூடம் போய்ப் படித்தவன் செய்திருந்தால் அப்படிக் கேட்டிருப்பாயா? ஒரே வாரத்தில் இரைச்சலை நிறுத்திக் கொடுத்தேன். எப்படி என்று கேட்டாய். சொல்லவில்லை.

ஃபில்டரை நான் தொடவே இல்லை. இரைச்சல் எர்த் வழியாக வந்ததால், உள்ளே எர்த் வயரை வெட்டி டேப் சுற்றினேன். ஒலி கேபிள் வழியாகவும் எர்த் வராமல் பிரித்தேன். என்னிடம் இருக்கும் ஜோடிப் பெட்டியிலும் அதே வேலைதான்.

செவ்வாய்க்கிழமை அதன்மேல் ஒரு கையை வைத்துக்கொண்டு, மறு கையால் தண்ணீர்க் குழாயைத் திறந்தேன். கை ஒட்டிக்கொண்டது. அண்ணி ஓடிப்போய் மெயினை அணைத்ததால் இருக்கிறேன். பிரித்துப் பார்த்தால் டிரான்ஸ்ஃபார்மரின் காப்பு உருகி, பெட்டித் தகடு முழுக்கக் கரண்ட். உன் பெட்டியில் இருப்பதும் அதே டிரான்ஸ்ஃபார்மர், ஒரே நாளில் வாங்கியது. வெளியே ஒன்றும் தெரியாது. சத்தம்கூட அருமையாக இருக்கும்.

நீ பாடிக்கொண்டே வாசிப்பவள். விரல் பெட்டியில், உதடு மைக்கில். குழாய் எனக்கு என்ன செய்ததோ, மைக் உனக்கு அதைச் செய்யும். சனிக்கிழமை திறந்தவெளி மேடை. மழை வரும் என்கிறார்கள்.

நீ என் நம்பரைத் தடுத்து வைத்திருக்கிறாய். மாப்பிள்ளையைக் கூப்பிட்டேன். நான் வாய் திறப்பதற்குள், "மச்சான், சனிக்கிழமை முடியட்டும். அப்புறம் ஃபில்டரைப் பத்தி எவ்வளவு வேணும்னாலும் திட்டுங்க" என்று வைத்துவிட்டார். அதற்கப்புறம் எடுக்கவில்லை. பத்து மாதமாக நான் வேறெதற்கும் கூப்பிட்டதில்லை, அவரைச் சொல்லி என்ன? உன் கையில்தான் கொடுக்க வேண்டும் என்று கூரியர்காரரிடம் மூன்று தடவை சொல்லியிருக்கிறேன்.

வேறு பெட்டியில் வாசி. கம்பெனி பெட்டியானாலும் சரி. நூறு வயது இருப்பாய்.

இது கிடைத்ததும் ஒரு மிஸ்டு கால் கொடு. பேச வேண்டாம். மணி அடித்தால் போதும், போனைக் கையிலேயே வைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
அண்ணன்