புள்ளி விழாத லேபிள்

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுவது. போனில் சொல்லிவிடலாம் என்று இரண்டு முறை முயன்றேன். உன் குரலைக் கேட்டதும் வேறு எதையோ பேசிவிட்டு வைத்துவிட்டேன்.

நம் அச்சகத்தில் மருத்துவமனை மருந்தகத்துக்கு லேபிள் அடிப்பது உனக்குத் தெரியும். போன மாதம் குழந்தைகளுக்கான வலிப்பு மருந்துக்குக் கேட்டார்கள். நீ அனுப்பிய புது எழுத்துருவில் அடித்தேன். பார்க்க அவ்வளவு அழகு. மருந்தின் பெயரைச் சரிபார்த்தேன். எழுத்துப்பிழை பார்த்தேன். ‘2.5 மி.லி.’ என்று நான் தட்டியது ‘25 மிலி’ என்று விழுந்திருந்ததைப் பார்க்கவில்லை.

நான்கு வயதுப் பெண் குழந்தை. லேபிளில் இருந்தபடியே அவள் அம்மா அளந்து கொடுத்திருக்கிறாள். இரண்டு வேளை. மூன்றாம் நாள் குழந்தை போய்விட்டது.

விசாரணை அதிகாரி நம் கம்ப்யூட்டரிலேயே அந்த எழுத்துருக் கோப்பைத் திறந்து காட்டினார். பெயருக்குப் பின்னால் ஓடிஎஃப் என்று புது வகை எழுத்துரு போல இருக்கிறதே தவிர, யாரோ டிடிஎஃப் என்ற பழைய வகைக் கோப்பு ஒன்றைச் சிதைத்துப் பெயர் மாற்றி வைத்திருக்கிறார்கள். தயாரித்த நிறுவனத்தின் டிஜிட்டல் கையொப்பம் இல்லை. அசல் கோப்பில் பாதி அளவுகூட இல்லை. புள்ளிக்கு உரிய கட்டம் காலி. “இதைப் பார்க்க ரெண்டு நிமிஷம் போதும்மா” என்றார்.

எங்கே கிடைத்தது என்று கேட்டதற்கு, நானே இணையத்தில் எடுத்தேன் என்று பொய் சொன்னேன்.

மறுநாள் குழந்தையின் அம்மா அச்சகத்துக்கு வந்தாள். கத்துவாள், அடிப்பாள் என்று நினைத்தேன். லேபிளை மேசைமேல் வைத்து, “இதுல இருந்த புள்ளி எங்க போச்சுக்கா?” என்று மட்டும் கேட்டாள். பதிலுக்காக நின்றுகொண்டே இருந்தாள்.

அன்றே அந்த அதிகாரியிடம் போய், கோப்பு நீ அனுப்பியது என்ற உண்மையை எழுதிக் கொடுத்துவிட்டேன். நம் அம்மாவுக்கு ஆறவில்லை. “கூடப் பொறந்தவனையே மாட்டி விட்டுட்டியேடி” என்றவள், அதற்குப் பிறகு என் முகத்தைப் பார்ப்பதில்லை. சோதிக்காமல் அடித்தது நான்தான் என்பதையும் சேர்த்தே எழுதியிருக்கிறேன் தம்பி. ஆனால் அந்தக் கோப்பு இன்னும் ஏதோ ஒரு தளத்தில் இலவசமாகக் கிடக்கிறது. எந்தத் தளம் என்று உனக்கு மட்டும்தான் தெரியும்.

விசாரணை அதிகாரிகள் உன்னை அழைப்பார்கள். தயவுசெய்து போனை எடுடா. என்மேல் வரும் கோபத்தைப் பிறகு என்னிடமே தீர்த்துக்கொள்.

உன் மகள் நூறு வயது நன்றாக இருக்க வேண்டும்.

உன் நல்லதையே நினைக்கும்
அக்கா