ஜெனி கேட்ட கல்யாணச் சேலை

என் ஸ்டெல்லாக்குட்டிக்கு,

உன் கல்யாணச் சேலையைப் பற்றி நீ சொன்னதை அன்றைக்கு நான் ஏன் வாய் திறந்து சொல்லவில்லை? மூன்று வருடமாக என்னையே கேட்டுப் பார்க்கிறேன்.

ஆஸ்பத்திரியில் என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாய். "அந்தச் சேலையைக் கட்டி என்னைப் பெட்டியில வச்சிராதக்கா. என் மவ ஜெனிக்கு வேணும்." சரி என்றேன். மறுவாரம் நீ போனதும் உன் மாமியார் பீரோவைத் திறந்து அதையேதான் எடுத்தார். கல்யாணச் சேலை இல்லாமல் அடக்கம் செய்தால் ஊர் என்ன பேசும் என்றார். கல்லூரியில் வகுப்பு நிறையப் பிள்ளைகள் முன்னால் பேசுகிறவள், அந்த அறையில் நான்கு பெண்கள் முன்னால் பேசாமல் நின்றேன். உனக்குக் கொசுவம் மடித்ததுகூட நான்தான்.

உன் வீட்டுக்காரர் கப்பலில் இருப்பதால் ஜெனி இப்போது என்னோடுதான் இருக்கிறாள். படமெடுப்பவர்களுக்கு உடை அலங்காரம் செய்யும் ஸ்டைலிஸ்ட் ஆக வேண்டுமாம். சென்னையில் ஒரு ஸ்டுடியோ உதவியாளர் தேடுகிறது. அதற்குக் காட்ட, தான் செய்த அலங்காரங்களின் படத்தொகுப்பாக ஒரு போர்ட்ஃபோலியோ தயாரிக்கிறாள். எனக்கு நம்பிக்கை இல்லை. மாடல் சிநேகிதி, கேமரா சிநேகிதியின் அண்ணன், சேலையோ கடையில் இரவல். "இதில உன் வேலை எது?" என்று அவளிடம் கேட்டேன். என்னைக் கடற்கரைக்குக் கூட்டிப்போனாள்.

சிநேகிதிக்குத் தொளதொளத்த ரவிக்கையை முதுகுப்பக்கம் கிளிப் போட்டு இறுக்கினாள். விலைச்சீட்டை மடிப்புக்குள் ஒளித்தாள். காற்றில் பறந்த முந்தானையை, வலைக்குக் கட்டும் ஈயக்குண்டு இரண்டை ஓரத்தில் முடிந்து அடக்கினாள். எடுத்த நாற்பது படங்களில் ஆறை மட்டும் வைத்துக்கொண்டாள். அப்புறம் நான் எதுவும் கேட்கவில்லை.

கடைசியாக நம் ஊர் மணப்பெண்ணின் படம் வேண்டும் என்றாள். கடைக்காரர்கள் தந்த பட்டு ஒன்றும் அவளுக்குப் பிடிக்கவில்லை. இன்று மத்தியானம் சாப்பிடும்போது சொன்னாள்: "அம்மா சேலை இருந்திருந்தா இப்படி அலைய வேண்டாம்லா பெரியம்மா. அம்மாவுக்கு என் நெனப்பே இல்ல போல."

சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். நான் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தேன்.

சேலை மண்ணுக்குள் போனதுகூடப் பெரிதில்லை, ஸ்டெல்லா. நீ அவளை நினைக்கவே இல்லை என்று இத்தனை நாள் நம்பவிட்டேனே. சொன்னால் அவள் என் வீட்டில் இருப்பாளா? இந்த நேரத்தில் என்னைப் பற்றி இப்படி யோசிக்கவே கூடாதோ?

நாளைக் காலை அவள் படமெடுக்கக் கிளம்புமுன் சொல்லிவிடுவேன். உன்மேல் அவளுக்கு இருக்கும் வருத்தம் என்மேல் வரவேண்டியது. அதை நான் வாங்கிக்கொள்கிறேன்.

உனக்குக் கொடுத்த வாக்கைக் காப்பாற்றாத
உன் அக்கா,
அமலி

மறுநாள்:

காலையில் ஜெனியிடம் சொன்னேன். ரவிக்கைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். நீ சொன்னதை ஒரு வார்த்தை விடாமல் திரும்பச் சொல்லச் சொன்னாள். சொன்னேன். இன்னொரு தடவை கேட்டாள். பிறகு, "நான் அம்மா மேலல்லா கோவமா இருந்தேன்" என்றாள். இரவல் பட்டு ஒன்றை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். என்னைக் கூப்பிடவில்லை.

மத்தியானம் வந்து, நான் போட்ட சோற்றைச் சாப்பிட்டாள். அவள் விரல் நகங்களில் உன் கல்லறையில் ஏற்றிய மெழுகுவர்த்தியின் மெழுகு ஒட்டியிருந்தது.