முன்பாய்க் கயிற்றை நான் விடவில்லை, மச்சான்

அன்பு மச்சான் சூசைக்கு,

நீ போய் ஏழு மாதம் ஆகிறது. உன் கல்லறைப் பக்கத்தில் எத்தனையோ தடவை நின்றும் இதைச் சொல்ல வாய் வரவில்லை. எழுத ஆரம்பித்துவிட்டால் பாதியில் நழுவ முடியாது, அதனால் எழுதுகிறேன்.

முதலில் ஊர்ச் செய்தி. மாதா திருவிழாவுக்குப் பாய்மரப் போட்டி இந்த வருஷமும் உண்டு. நம் படகுக்குச் சுக்கான் பிடிக்க என்னைக் கூப்பிட்டிருக்கிறார்கள். "நீ பிடி மாப்ள. சூசை மாதிரி கண்டமேனிக்குத் திருப்பிறாத, அம்புட்டுத்தான்" என்று ஊர்த் தலைவர் தோளில் தட்டினார். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அதற்கே நீ என்னைச் செருப்பால் அடிக்கலாம்.

போன வருஷப் போட்டியில் மிதவையை நெருங்கும்போது நாம்தான் முன்னால். காற்றுக்கு எதிரே படகைத் திருப்ப வேண்டிய இடம். நீ பின்னால் சுக்கானில். நான் முன்னால், சின்ன முன்பாயின் கயிற்றோடு. அந்தக் கயிற்றைக் கையில்தான் வைத்திருக்க வேண்டும், கட்டவே கூடாது. அது தெரியாதவனா நான்? அப்போது பார்த்துத் தலைக்கு மேலே டிரோன் வந்தது, ராமநாதபுரம் ஸ்டுடியோக்காரன் விட்டது. கயிற்றுக்கு ஒரு முடிச்சைப் போட்டுவிட்டு இரண்டு கையையும் தூக்கி ஆட்டினேன். நாற்பத்தாறு வயதில் எனக்கு அப்படி ஓர் ஆசை.

"திருப்புறேன்!" என்று நீ கத்தினாய். முடிச்சு நனைந்து இறுகிவிட்டது. படகின் முகப்பு காற்று வரும் திசையைத் தாண்டியதும் நான் முன்பாயை விட்டு மறுபக்கம் இழுத்திருக்க வேண்டும். விடாததால் காற்று அதன் மறுபுறம் அடித்து முகப்பைத் தள்ளிக்கொண்டே போனது. படகு அரைவட்டம் அடித்து வேகம் செத்து நின்றது. மூன்று படகுகள் நம்மைத் தாண்டின. பெரிய பாய் மறைத்ததால் உனக்கு ஒன்றும் தெரியவில்லை. படகு சாயாமலிருக்கப் பக்கவாட்டுப் பலகையில் தொங்கிக்கொண்டிருந்த மற்ற நால்வருக்கும் தங்களைக் காப்பாற்றிக்கொள்ளவே கை போதவில்லை.

"முன்பாய விட்டியா மாப்ள?"

"விட்டேன் மச்சான்."

அதற்குள் முடிச்சைக் கத்தியால் அறுத்திருந்தேன். கரையிலிருந்து பார்த்தவர்களுக்கு நீ சுக்கானை அளவுக்கு மீறித் திருப்பியதாகத்தான் தெரிந்தது. அன்றோடு சுக்கானை உன்னிடமிருந்து வாங்கிவிட்டார்கள்.

அதன்பிறகு தினமும் காலையில் உன் சின்னப் படகை எடுத்துப் போய்த் திரும்பத் திரும்பப் பழகினாயே, அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. இல்லாத தப்பைத் திருத்தினாய். பயந்து பயந்து பாதியிலேயே சுக்கானை நேராக்குவாய், படகு காற்றைப் பார்த்தபடி அசையாமல் நிற்கும். நல்ல கை கெட்டுப்போவதைக் கரையில் உட்கார்ந்து வலை பிரித்துக்கொண்டே பார்த்தேன். எழுந்து வந்து ஒரு வார்த்தை சொல்ல எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்? காமாலை முற்றி உன்னை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோன அன்றும் வழியெல்லாம் டீசல் விலையைத்தான் பேசினேன்.

இப்போது பயிற்சியில் நான்தான் வாத்தியார். முகப்பு காற்றைத் தாண்டும்வரை பொறு, தாண்டியதும் விடு, பாய் நிரம்புவதற்குள் மறுபக்கம் இழு, முடிச்சு மட்டும் போட்டுவிடாதே என்று முன்பாய்க்காரனிடம் கத்துகிறேன். "எந்தக் கிறுக்கன் முடிச்சு போடுவாண்ணே?" என்று கேட்டான். "கயித்தப் பிடி" என்று சொல்லி மறுபடியும் சுக்கானைத் திருப்பினேன்.

இன்னொன்றும் உண்டு. ஊர் வாட்ஸ்அப் குரூப்பில் வந்த வீடியோவில் நான் கையாட்டும் இடம் இல்லை. ஸ்டுடியோக்காரனிடம் கெஞ்சி அதை வெட்ட வைத்தவன் நான். நேற்று போய் முழுசையும் வாங்கிவந்தேன். இன்று காலையில் உன் தங்கச்சிக்குத்தான் முதலில் காட்டினேன். இரண்டு தடவை பார்த்தாள். திட்டட்டும் என்று நின்றேன். அவள் திட்டவில்லை.

"அண்ணன் ஆஸ்பத்திரியில வச்சு கேட்டுச்சு. 'நான் அம்புட்டா திருப்பிட்டேன், பாப்பா?'ன்னு. 'ஆமாண்ணே, போனா போகுது விடு'ன்னு சொல்லிட்டேனே" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் கோயில் வாசலில் ஊர் முன்னால் அதைப் போட்டுக் காட்டுவேன். காறித் துப்பினால் துடைக்காமல் நிற்பேன். அதன்பிறகு சுக்கானை யாரிடம் வேண்டுமானாலும் கொடுக்கட்டும். நீ திருப்பியது சரிதான், மச்சான். ஒரு விரல்கடைகூடக் கூடுதல் இல்லை.

இப்படிக்கு,
உன் தங்கச்சியைக் கட்டிய,
அருளப்பன்